ஓரக் கோடுகள்

முதலில் மணல் கடிகாரம் வெளியே வரும். பிள்ளைகளின் விளையாட்டுப் பெட்டிக்குள் இருக்குமே, நீல மணல் போட்ட சின்னப் பிளாஸ்டிக் குப்பி, அதுதான். மூன்று நிமிடத்தில் தீர்ந்துவிடும். அடுத்து கருப்பு மைப் பேனா, மூடி போட்டது. தலையை அமுக்கினால் 'டிக்'கென்று திறக்கிற பேனா அவள் கையில் இருந்து நான் பார்த்ததில்லை. அடுத்து ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை. நடுவில் ஒரே ஒரு வரி தெரிகிற அளவுக்கு பிளேடால் கீறி ஜன்னல் வைத்தது. கடைசியில் கைப்பேசியைக் குப்புறப் போட்டு, ஒயர் இயர்போனை வலது காதில் மட்டும் செருகிக்கொள்வாள். இடது காது சுவருக்கு.

கோவிலில் விளக்கேற்றுகிற மாதிரி, இந்த வரிசை மாறாது. ஒருநாள் அட்டையை வீட்டில் மறந்துவிட்டாள். பையை மூன்று தடவை துழாவிவிட்டு, நோட்டின் கடைசித் தாளைக் கிழிக்கப் போனவள் நின்றாள். மடிப்பை அழுத்தி, விரலை நனைத்துத் தடவி, மறுபடி மடித்து, நூல் பிரிப்பது போல அந்தத் தாளைப் பிரித்தெடுத்தாள். சாதாரணமாகக் கிழித்திருந்தாலும் கூடத்தில் இருந்த இருபது பேரில் ஒருவருக்கும் அது சத்தமாகப் பட்டிருக்காது. அவளுக்குப் பட்டிருக்கும்.

வடசென்னையில் ஒரு கிளை நூலகத்தின் மாடி. பெயர் எதற்கு. நான்கு நீள மேசை, ஆறு மின்விசிறி, ஊதா நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் குடம். காலையில் பேப்பர் படிக்க என்னைப் போன்ற கிழடுகள் வருவோம். பத்து மணிக்கு மேல் போட்டித் தேர்வுப் பிள்ளைகள். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் வியாழன் சாயங்காலம் எல்லோரும் ரயிலைத் தவறவிடப் போகிறவர்கள் மாதிரி அவசரமாகப் படிப்பார்கள். மூலை மேசையில் அவளுக்கு நேர் எதிர் நாற்காலி என்னுடையது. அவள் வருவதற்கு எட்டு வருடம் முன்பிருந்தே என்னுடையது.

அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை பார்த்தவன் நான். ஈய எழுத்துக் காலத்தில் சேர்ந்தேன். கம்பாசிட்டர் கோத்து வைத்ததைத் தலைகீழாகவே படித்துப் பழகிய கண் இது. எதிரே இருப்பவரின் நோட்டு எனக்கு நேராகத்தான் தெரியும். ஒட்டுக்கேட்பது தப்பு என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். எதிர் நோட்டைத் தலைகீழாகப் படிப்பதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. வைக்கிறவரை எனக்கு வசதி.

துறைமுகம் போகிற கண்டெய்னர் லாரிகள் எங்கள் தெருமுனையில் ஏர் பிரேக் போடும். ஜன்னல் கம்பி அதிரும், குடத்துத் தண்ணீர் நடுங்கும். அவள் நிமிர மாட்டாள். மூன்றாவது மேசையில் ஒரு பையன், கணக்கு வராதபோதெல்லாம் பேனாத் தலையை அமுக்கி அமுக்கி விடுவான். லாரிக்கு அசையாத தோள் அந்த 'டிக்'குக்குச் சுருங்கும். முதல் 'டிக்'கில்கூட அவ்வளவு இல்லை. அது வந்துவிட்டது, அடுத்தது எப்போது வரும் என்று தெரியாது. அந்த இடைவெளிதான் அவளைத் தின்னும். கல்யாணப் பத்திரிகை ஜன்னல் ஒரே வரியில் நிற்கும். பேனா நின்றுவிட்டதா, இல்லை இனிமேல்தானா? இரண்டாவது 'டிக்' விழுந்ததும் அவளுக்கு மூச்சு இறங்கும். வந்து தொலைத்ததே என்கிற மூச்சு.

சத்தம் பெரிதா சிறிதா என்பது பொருட்டே இல்லை என்று விளங்க எனக்கு ஒரு வாரம் ஆனது. பாலிதீன் பைக்குள் கடலை மிட்டாயைத் தேடும் விரல். காலாட்டுகிறவரின் முட்டி மேசைச் சட்டத்தில் படுவது. சளியை வெளியேயும் விடாமல் உள்ளேயும் விடாமல் ஒருவர் உறிஞ்சிக்கொண்டிருப்பது. எங்கள் தலைக்கு மேல் இருக்கும் விசிறி மூன்று சுற்றுக்கு ஒருமுறை போடுகிற 'கிரிக்'. எட்டு வருடம் அதன் கீழே உட்கார்ந்திருக்கிறேன். அதற்குக் குரல் இருப்பதே அவள் அண்ணாந்து பார்த்த அன்றுதான் தெரிந்தது.

நூலகரிடம் நானாக எதுவும் கேட்கவில்லை. பேப்பர்க் கட்டை அடுக்கிக்கொண்டே அவராகச் சொன்னார்.

"அந்தப் பொண்ணு மூலை சீட்டுதான் வேணும்னு கேட்டுச்சு சார். கவனக் குறைபாடாம், டாக்டர் சீட்டெல்லாம் காட்டுச்சு. சின்னச் சின்னச் சத்தம் ஆவாதாம். போன வருஷம், இருவத்துமூணு வயசுலதான் கண்டுபிடிச்சிருக்காங்க."

மருத்துவர் சீட்டை அவரிடம் காட்டியது அது என் காது வரைக்கும் வரட்டும் என்பதற்காக இல்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டேன்.

குறைபாடு என்கிற சொல்தான் எனக்கு இடறியது. யார் எப்போது படியேறினார், எந்த விசிறி எத்தனை சுற்றுக்கு முனகுகிறது, கீழே சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டியது யார் என்று இத்தனையும் ஒரு பெண்ணின் கவனத்தில் விழுகிறது என்றால் அதில் எது குறைகிறது? ரேஷன் கடையில் வரிசை நிற்கிறவரை இருநூறு பேர் வந்தாலும் சர்க்கரை போட்டுவிடலாம். வரிசை கலைந்தால் பத்து பேர் போதும், எடை போடுகிறவர் திணறிவிடுவார். அவளுக்கு அந்த வரிசைதான் இல்லை. இந்திய அரசியலமைப்பும் விசிறியின் முனகலும் ஒரே நேரத்தில் கார்டை நீட்டுகின்றன, முந்தி நீட்டியவருக்கு முதலில்.

'எங்க காலத்துல இதெல்லாம் ஏது' என்று என் வயதுக்காரர்கள் சொல்வார்கள். ஸ்காட்லாந்தில் பிறந்த அலெக்சாண்டர் கிரைட்டன் என்ற மருத்துவர் 1798இல் மனக்கோளாறுகளைப் பற்றி எழுதிய நூலில் கவனத்துக்கென்றே ஓர் அத்தியாயம் வைத்திருக்கிறார். சிலருக்கு நாய் குரைப்பதும் சுருதி சேராத ஆர்கன் வாசிப்பதுமே போதும், நினைப்பு சிதறிப்போகும் என்கிறார். பெண்கள் திட்டும் சத்தத்தையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருக்கிறார். அவர் வீட்டு நிலவரம் நமக்கு எதற்கு. கவனக் குறைபாடு என்ற பெயர் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஏறியது 1980இல். இடைப்பட்ட 182 வருடமும் இந்தப் பிள்ளைகள் பெயரில்லாமல் இருக்கவில்லை. வீட்டுக்கு வீடு பெயர் இருந்தது. 'புத்தி மேயுது', 'ஒரு இடத்துல உக்காராது'. பெண் பிள்ளைகளில் பலர் ஓடியாடித் தொல்லை கொடுப்பதுமில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். 'கனா காணுது' என்று விட்டுவிடுவோம். இவளுக்கு 23 வயது வரை ஆனதில் எனக்கு வியப்பில்லை.

மணல் கடிகாரத்தின் சூட்சுமம் பிறகுதான் பிடிபட்டது. மூன்று மணி நேரம் படிக்க வேண்டும் என்று உட்கார்ந்தால் அவளால் தொடங்கவே முடியாது. மூன்று நிமிடம் என்றால் தொடங்கலாம். மணல் தீர்ந்ததும் திருப்பி வைப்பாள், இன்னொரு மூன்று. சத்தம் போடாத கடிகாரம் என்பது இன்னொரு லாபம். மணல் அடியில் இறங்கிக் கிடக்க, அதைப் பார்க்க மறந்து அவள் படித்துக்கொண்டே போனால் அது நல்ல நாள். நல்ல நாள் வாரத்துக்கு இரண்டு வரும். சில வாரம் வராது.

நோட்டின் ஓரத்தில் அவள் போடுகிற கோடுகளை முதலில் பிழைத் திருத்தக் குறி என்று நினைத்தேன். தொழில் புத்தி. இரண்டு மூன்று நாள் பார்த்த பிறகு கணக்கு புரிந்தது. ஏதாவது சத்தம் வந்து அவளை வரியிலிருந்து கிளப்பும்போதெல்லாம் ஓரத்தில் ஒரு கோடு. திரும்பிப் பார்த்து முறைப்பதில்லை, பெருமூச்சு இல்லை. வந்தவருக்கு வருகைப் பதிவேட்டில் ஒரு கையெழுத்து, போய் வாருங்கள். நான்கு கோடு நிமிர்ந்து, ஐந்தாவது குறுக்கே. மாலையில் கடைசிப் பக்கத்தில் கூட்டி எழுதுவாள்.

ஆடி பிறப்பதற்கு முந்தைய வாரம் ஒருநாள், அந்தப் பக்கத்தைத் திறந்தபடி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். விசிறி 14. பேனா 9. கேட் 6. காக்கா 3. லாரி 0. அதற்கும் கீழே, 'தாத்தா, பல்' 22.

கூடத்தில் தாத்தா என்று சொல்லத்தக்கவர்கள் நான்கு பேர். மற்ற மூவரும் பல்செட்.

வெற்றிலை போடுகிறவன் நான். பாக்குத் துணுக்கு கடைவாயில் சிக்கும். அதை 'ச்ச்' என்று உறிஞ்சி எடுப்பேன். எடுக்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது. அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் கேட்டேன், நான் அப்படிச் செய்கிறேனா என்று. "முப்பத்தெட்டு வருஷம் கழிச்சுக் கேக்குறீங்க" என்று சொல்லிவிட்டுக் குழம்பைக் கிளறப் போய்விட்டாள். அவளும் ஒரு நோட்டு போட்டிருந்தால் வீட்டில் வைக்க இடம் இருந்திருக்காது.

பேசாதவன், பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பவன், ஒருவருக்கும் இடைஞ்சல் இல்லாதவன். என்னைப் பற்றி நான் வைத்திருந்த புரூஃபில் 22 பிழை.

சில குறிப்பிட்ட சத்தங்கள் மேல் எழும் இந்தத் தாளாமைக்கு 2001இல் மிசோஃபோனியா என்று பெயர் வைத்தவர்கள் மார்கரெட், பாவெல் யாஸ்ட்ரெபாஃப் என்ற இருவர். கவனக் குறைபாடும் இதுவும் ஒன்றல்ல, ஆனால் ஒரே ஆளிடம் இரண்டும் குடியிருப்பது உண்டு. இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழகத்தின் சுக்பிந்தர் குமாரும் உடன் ஆய்ந்தவர்களும் 2021இல் வெளியிட்ட முடிவுதான் எனக்கு உறைத்தது. இப்படிப்பட்டவர்கள் பிறர் மெல்லுகிற சத்தத்தைக் கேட்கும்போது, மூளையில் வாயையும் முகத்தையும் தொண்டையையும் அசைக்கிற பகுதி மற்றவர்களுக்கு ஆவதைவிட வலுவாகக் கிளர்கிறதாம். அப்படியானால் என் சத்தம் அவள் காதோடு நிற்கவில்லை. அவள் வாய்க்குள்ளேயே போய் உட்கார்ந்திருக்கிறது. முன்பின் தெரியாத கிழவனின் பாக்குத் துணுக்கு, ஒரு நாளைக்கு 22 தடவை.

இடம் மாறி உட்காரலாமா என்று யோசித்தேன். மாறினால் நோட்டைப் படித்தது தெரிந்துவிடும். வெற்றிலையைச் சாயங்காலத்துக்குத் தள்ளினேன். மூன்றாம் நாள் தாத்தா 5. வாரக் கடைசியில் 1. அந்த ஒன்று எப்போது என்று இன்றுவரை யோசித்துப் பார்க்கிறேன்.

ஆடி வந்தது. பின்தெருவில் அம்மனுக்குக் கூழ் வார்த்தல். மின்கம்பத்தில் நூலகத்தைப் பார்த்தபடி குழாய் ஒலிபெருக்கி கட்டினார்கள். ஒலி மாசு விதிகள் வந்தது 2000ஆம் ஆண்டில். மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம், அங்கே பகலில் 50 டெசிபலுக்கு மேல் கூடாது என்கிறது. நூலகம் என்ற சொல் அந்த வரியில் இல்லை. இருந்தால் மட்டும் ஆத்தா கேட்பாளா என்பது வேறு.

பாட்டை ஒரு மாதிரி சமாளித்தாள். ஒயரை இரண்டு காதிலும் செருகி, கைகளால் பொத்திக்கொண்டு படித்தாள். நடுநடுவே ஒருவர் மைக்கைப் பிடித்தார் பாருங்கள், அங்கேதான் முறிந்தது. தமிழ் தெரிந்த காதுக்குத் தமிழ் அறிவிப்பை வெறும் சத்தமாகக் கேட்க வழியில்லை. 'கூழ் வாங்க வருகிற தாய்மார்கள் பாத்திரம் எடுத்து வரவும்.' அவள் பேனா நின்றது. தலைகீழாகப் படித்தேன்: 'இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம், 1956–61, மகலனோபிஸ் மாதிரி, முக்கியத்துவம் கனரகக் கூழ்.'

கொஞ்ச நேரம் அந்தச் சொல்லையே பார்த்தாள். அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சத்தமில்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. அடிக்கவில்லை, திருத்தவில்லை. நானாக இருந்தாலும் அந்தப் பிழையை விட்டிருப்பேன். பிறகு சாப்பாட்டு டப்பாவைக் கழுவி எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். ஜன்னல் வழியே பார்த்தேன். ஒலிபெருக்கிக்கு நேர் கீழே, கூழ் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

காதுக்குள் என்னதான் கேட்கிறாள் என்பது ஒரு விபத்தில் தெரிந்தது. ஒயர் நாற்காலியில் சிக்கி, இழுபட்டு, கைப்பேசியிலிருந்து கழன்றது. கூடம் முழுக்க 'ஹோ'வென்று ஒரு இரைச்சல். குற்றால அருவியைப் பழைய பேருந்து நிறுத்தத்திலிருந்து கேட்கிற மாதிரி, ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. எல்லோரும் நிமிர்ந்தார்கள். அவள் முகம் சிவந்து கைப்பேசியை அமுக்கினாள். பேனாப் பையன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது எனக்குத் தெரிந்த சத்தம்.

பிரவுன் நாய்ஸ் என்று பெயராம். பழுப்பு நிறத்தோடு அதற்கு உறவில்லை. மகரந்தத்திலிருந்து வந்த நுண்துகள்கள் தண்ணீரில் ஓயாமல் அலைவதை 1827இல் பார்த்த தாவரவியலாளர் ராபர்ட் பிரவுனின் பெயர் அது. என் அச்சகத்தில் பிழை திருத்துகிற மேசைக்கும் டிரெடில் இயந்திரத்துக்கும் நடுவில் ஒரு மரத்தட்டிதான் தடுப்பு. நாள் முழுக்கத் தடதடப்பு. அது ஓடுகிறவரை ஒற்றெழுத்து விட்டுப்போனது எனக்குத் தானாகக் கண்ணில் படும். மின்சாரம் போய் இயந்திரம் நின்றால், வந்தது வினை. அடுத்த அறையில் முதலாளி தொலைபேசியில் யாரிடம் கடனுக்குத் தவணை கேட்கிறார் என்பதெல்லாம் காதில் விழும். அந்த அரை மணியில் பார்த்த பக்கங்களில்தான் பிழை தங்கும். 2007இல் சோடர்லுண்ட், சிக்ஸ்ட்ரோம், ஸ்மார்ட் ஆகிய மூவர் பிள்ளைகளை வைத்துச் செய்த சோதனை உண்டு. சீரான இரைச்சலுக்கு நடுவே கவனக் குறைபாடுள்ள பிள்ளைகளின் நினைவு கூடியது, மற்றப் பிள்ளைகளுக்குக் குறைந்தது. இதைப் படித்த அன்று என்னை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது என்று எனக்கே குழப்பம்.

அவள் தேடுவது அமைதி என்று நூலகர் நினைத்தார். 'அமைதி காக்கவும்' பலகையைத் துடைத்து அவள் மேசைக்கு மேலே மாட்டிக்கூட வைத்தார். நல்ல மனுஷர். ஆனால் முழு அமைதிதான் அவளுக்கு மோசம். அதில்தான் ஒவ்வொரு 'டிக்'கும் மேடையேறும். எதிர்பாராமல் எதுவும் வந்து தொடாதபடி மேலே போர்த்திக்கொள்ள ஒரு சத்தம் வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் தேர்வுக் கூடத்துக்குள் போர்வை கொண்டுபோக முடியாதே. டிஎன்பிஎஸ்சி குரூப் 2 முதல்நிலைத் தேர்வு, 200 கேள்வி, மூன்று மணி நேரம். கைப்பேசியும் இயர்போனும் வாசலோடு சரி. உள்ளே விசிறி இருக்கும், கண்காணிப்பாளரின் செருப்பு இருக்கும், நெஞ்சுச் சளிக்காரர் ஒருவர் எந்தக் கூடத்திலும் இருப்பார்.

ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் இயர்போனைச் சுருட்டிப் பைக்குள் போட்டாள். மணல் கடிகாரமும் உள்ளே போனது. மாதிரி வினாத்தாளை எடுத்துக்கொண்டு எழுந்து, மூன்றாவது மேசைக்குப் போய், பேனாப் பையனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அவனுக்கு ஒன்றும் தெரியாது. பாவம், தலையை வாரிக்கொண்டான்.

இங்கிருந்து எனக்கு நோட்டு தெரியாது, தோள் மட்டும் தெரியும். முதல் நாள் முக்கால் மணி நேரம் தாங்கினாள். பையை எடுத்துக்கொண்டு இறங்கியவள் மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாள் வந்தாள், நேராக அதே நாற்காலி. ஒன்றரை மணி நேரம். ஒருநாள் மூன்று மணி நேரமும் முடித்துவிட்டு மேசையில் தலை கவிழ்த்துத் தூங்கிவிட்டாள், மூட்டை தூக்கியவர்கள் தூங்குவார்களே, அப்படி. பழகப் பழகச் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. கடைசி வாரம் வரை அந்தத் தோள் 'டிக்'குக்குச் சுருங்கத்தான் செய்தது. சுருங்கிய தோளோடு அடுத்த கேள்விக்குப் போகக் கற்றுக்கொண்டிருந்தாள்.

தேர்வுக்கு முந்தைய வியாழன், நாலு மணிக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்தது. செப்டம்பரில் சென்னையில் வருமே, பகல் முழுக்கக் காய்ந்துவிட்டுச் சாயங்காலம் கொட்டுகிற மழை. மாடி வராந்தாவுக்குத் தகரக் கூரை. அதன்மேல் விழுந்த சத்தத்தில் பக்கத்து ஆள் பேசுவது கேட்கவில்லை. ஜன்னல்களைச் சாத்தினார்கள். பேப்பர் படித்தவர்கள் மடித்து வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கப் போனார்கள். "இந்தச் சத்தத்துல எங்கடா படிக்கிறது" என்று பேனாப் பையனும் எழுந்து போனான்.

அவள் மட்டும் மேசையில். இயர்போன் இல்லை. அட்டையின் ஜன்னல் ஒரு வரி இறங்கியது, இன்னொரு வரி, பக்கம் திரும்பியது, மறுபடி மேலிருந்து. நான் முன்பு பார்த்திராத வேகம். தோள் தளர்ந்து, வீட்டுத் திண்ணையில் இருப்பவள் போல ஒரு காலை மடித்து நாற்காலியில் வைத்திருந்தாள். நாற்பது நிமிடம் வானம் அவளுக்காக டிரெடில் ஓட்டியது.

மழை விட்டது. மூன்றாவது மேசைக்குப் பக்கத்தில் தளம் கசியும் இடத்தில் எப்போதும் ஒரு பச்சை வாளி இருக்கும்.

டொக்.

தோள் நின்றது. எனக்கும் மூச்சு நின்றது. அடுத்தது எப்போது வரும் என்று நானும் காத்திருந்தேன். அதுவரை அப்படி ஒரு சொட்டுக்காகக் காத்திருந்ததில்லை.

டொக்.

எழுந்தாள். ஜன்னல் கம்பியில் காய்ந்துகொண்டிருந்த தரை துடைக்கிற துணியை எடுத்து, நாலாக மடித்து, வாளிக்குள் வைத்தாள். வந்து உட்கார்ந்து அட்டையை நகர்த்தினாள். மூன்றாவது சொட்டு விழுந்ததைப் பார்த்தேன். கேட்கவில்லை.

எனக்குத் தொண்டையில் அரிப்பு. நாற்காலியை இழுக்காமல் தூக்கி நகர்த்திவிட்டு, படியிறங்கிப் போய், சைக்கிள் நிறுத்துகிற இடத்துக்கு அப்பால் நின்று இருமினேன்.